எழுத்தை முழுங்காத வாத்தியார்

தம்பி, குறுக்க பேசறேன்னு தப்பா நெனைச்சுக்காதீங்க. இப்பப் போன்ல யாருகிட்டயோ 'வீக்'குன்னு சொன்னீங்களே, அது வாரமுங்களா, பலகீனமுங்களா?

வாரமா. செரி. எதுத்தாப்புல கேக்கறவருக்கு அது எப்பிடிங்க தெரியும்? பேச்சப் பாத்து அவங்களே புரிஞ்சுக்குவாங்க, அதானே? எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. பேசறவன் சோம்பேறித்தனமா எழுத்தை முழுங்குவானாம், கேக்கறவன் மண்டையப் போட்டு உருட்டிக்கோணுமாம். நாயமுங்களா இது? உங்களைச் சொல்லலீங்க. பொதுவாச் சொல்றேன்.

சித்தெ தள்ளி உக்காருங்க, பையை இப்பிடி வெச்சுக்கறேன். சேலம் வரைக்குமா? நானும் சேலந்தானுங்க. அப்பப் பேசிக்கிட்டே போலாம்.

என்ற பேரு அர்த்தநாரி. திருச்செங்கோட்டுல ஒரு மெட்ரிகுலேசன் பள்ளிக்கூடத்துல இங்கிலீசு வாத்தியார். பஸ் ஸ்டாண்டுல எறங்கி 'முழுங்காத வாத்தியார்' வீடு எதுன்னு கேட்டீங்கன்னா சின்னக் கொழந்தைகூடக் கொண்டாந்து விட்டுரும். கேலிப் பேருங்களா? எதுக்குங்க கேலி? எழுத்தை முழுங்காதவருன்னு அர்த்தம். சனங்க அன்பா வெச்சது.

நான் ஒரு முறை கண்டுபிடிச்சிருக்கறனுங்க. பெருமைக்குச் சொல்லலை, இருக்கறதைச் சொல்றேன். இந்த இங்கிலீசுக்காரன் என்ன பண்ணிப்போட்டான்னா, ஒரே சத்தத்துக்கு ரெண்டு வார்த்தை, மூணு வார்த்தைன்னு வெச்சுட்டுப் போயிட்டான். எழுதறப்ப வேற வேற, சொல்றப்ப ஒண்ணு. நம்ம புள்ளைங்க பரிச்சையில மாத்தி மாத்தி எழுதி மார்க்கைத் தொலைக்குது. அவன் செஞ்ச தப்பை இத்தனை வருசமா ஒருத்தனும் திருத்தலை. நான் திருத்துனேன்.

எப்பிடின்னா, ரொம்ப லேசு. எழுதியிருக்கற எழுத்தை அத்தனையும் வாயால சொல்லிப்போடோணும். சரிங்கறதுக்கு ரைட்டு. எழுதறதுக்கு? வ்ரைட்டு. வ்... ஒதட்டைக் கடிச்சுச் சொல்லோணும். ராத்திரிக்கு நைட்டு, குதிரை மேல போற வீரனுக்கு க்நைட்டு. சூரியன் சன்னு, மகன் சான். வாரம்னா வீக்கு, பலகீனம்னா வெயாக்கு. குதிகாலு ஹீலு, புண்ணு ஆறுனா ஹெயாலு. எங்க வருதுங்க கொழப்பம்? எங்க, நீங்க ஒருக்காச் சொல்லுங்க பாக்கலாம். வெயாக்.

செரி விடுங்க. பஸ்ஸுல கூச்சமா இருக்குதாட்ட.

என்ற கிளாசுல ஸ்பெல்லிங் தப்புங்கற பேச்சே கெடையாது. நான் டிக்டேசன் போட்டா மொத்தக் கிளாசும் முழு மார்க்கு. கரஸ்பாண்டன்ட் அந்தப் புள்ளைங்க போட்டோவைப் பிளெக்சுல போட்டு சங்ககிரி ரோடு பூராக் கட்டி வெப்பாரு. வேற வாத்தியார் போட்டா எப்பிடின்னு கேக்கறீங்களா? வேற வாத்தியாரை நான் எதுக்குங்க உடறேன்? காய்ச்சல்னாலும் போயிருவேன். எங்கம்மா செத்த அன்னைக்கு மட்டும் ஒரு டீச்சரம்மா போட்டுது. மொத்தக் கிளாசும் ஃபெயிலு. பாவம், அந்தம்மாளுக்கு டிக்டேசன் போடத் தெரியலை.

இந்த முறையில முழுசா வளந்தது யாருன்னா என்ற மவ. பாகம்பிரியா. எங்கூர் மலைமேல இருக்கற அம்மன் பேரு. ஒத்தப் புள்ளைங்க. மத்த புள்ளைங்களுக்கு நான் பள்ளிக்கூடத்துல மட்டும் வாத்தியார், இவளுக்கு வீட்டுலயும் நாந்தான். தொட்டில்ல கெடக்கறப்பவே காதுல 'க்நீ, க்நைஃப்'புன்னு சொல்லிட்டேதான் ஆட்டி உடுவேன். டிவியில இங்கிலீசு வந்தா ஆஃப் பண்ணிருவேன். எழுத்தை முழுங்கற சத்தம் ஒண்ணுகூட அந்தக் காதுல உழுந்ததில்லை. அப்பிடி வளத்தேன்.

அவளுக்குக் கண்ணாலம் பேசி வெச்சிருந்தோமுங்க. என்ற அக்கா மவன்தான். ரிக் வண்டி ஓட்டறான், போர் போடற வண்டி. வருசத்துல முக்காவாசி வடநாட்டுலதான் கெடப்பான். நல்ல பையன். பேசவே மாட்டான். அந்த மிசின் சத்தத்துல காதும் மந்தமாயிருச்சு. என்ற மவ வேண்டாங்கறா. "அப்பா, எனக்கு ஒரு வேலை வேணும். வேலை கெடச்சா ரெண்டு வருசத்துக்குக் கண்ணாலப் பேச்சே எடுக்கக் கூடாது. கெடைக்கலீன்னா நீங்க சொல்ற ஆளுக்குக் கழுத்தை நீட்டறேன்"னு சொல்லிப்போட்டா. எங்கக்காகிட்டக் கேட்டேன். "தை வரைக்கும் பொறுக்கறன்டா, தை பொறந்தா தட்டோட வந்துருவேன்"னு சொல்லிருச்சு. ஆக, தைக்குள்ள வேலை.

என்ன வேலைன்னா, கோயமுத்தூர்ல ஒரு கம்பெனி. அமெரிக்காவுல டாக்டருங்க நோயாளியப் பாத்துட்டு, என்ன சீக்கு, என்ன மருந்துன்னு பேசிப் பதிவு பண்ணி அனுப்புவாங்களாம். நம்ம புள்ளைங்க காதுல ஹெட்போனை மாட்டிக் கேட்டு அதைத் தப்பில்லாம டைப் அடிச்சுக் குடுக்கோணும். அவ்வளவுதான். கேட்டதும் நான் சிரிச்சுப்போட்டேன். "ஏம்மிணி, இது டிக்டேசன்தானே! உனக்கில்லாத வேலையா?" ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன். வேலை கெடச்ச மாதிரியே சொல்லிட்டேன்.

போனா. ஃபெயிலுன்னு திரும்பி வந்தா.

எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்க. பொறந்ததுல இருந்து டிக்டேசன்ல ஒரு மார்க்கு கொறையாத புள்ளைங்க. அழுகுறா. "அப்பா, அவிய பேசறது எனக்கு ஒண்ணுமே புரியலீங்ப்பா"ங்கறா. எனக்கு வந்துது பாருங்க கோவம்! அடுத்த நாளே கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன். "வேண்டாங்ப்பா, வேண்டாங்ப்பா"ன்னு பஸ்ஸு முழுக்கச் சொல்லிட்டே வந்தா. தன்மானமுள்ள புள்ளை. சிபாரிசுக்கு வந்தமாட்ட ஆயிருமேன்னு கூச்சம்.

அங்க சைலஜான்னு ஒரு மேனேஜரம்மா. பாலக்காட்டுப் பக்கம். நல்ல மரியாதைப்பட்ட பொம்பளைதான். என்ற மவ டைப் அடிச்ச பேப்பரை எடுத்துக் காட்டுச்சு. "சார், நோயாளியோட மகன் பக்கத்துல இருந்தாருன்னு டாக்டர் சொல்றாரு. உங்க பொண்ணு, நோயாளியோட சூரியன் பக்கத்துல இருந்தாருன்னு அடிச்சிருக்கு. புண்ணு ஆறிருச்சுன்னு சொல்றாரு. புண்ணு குதிகாலாயிருச்சுன்னு அடிச்சிருக்கு. முட்டி வர்ற எடத்துலயெல்லாம் காலியா உட்டிருக்கு."

நான் கேட்டேன். "ஏனுங்க மேடம், இதுல என்ற மவ தப்பு எங்க இருக்குது? மகனை 'சான்'னு சொல்ல வேண்டியதுதானே? அந்த டாக்டர் சன்னுன்னு சொன்னா அவ சூரியன்னுதான் அடிப்பா. முட்டிக்கு 'க்நீ'ன்னு சொல்லாம வெறும் 'நீ'ன்னா, அதென்னன்னு நெனைப்பா? யாரு அந்த டாக்டர்? கூப்புடுங்க பேசலாம்."

"அவரு அமெரிக்காவுல இருக்கார் சார்."

"அமெரிக்காவுல இருந்தா எழுத்தை முழுங்கலாமுங்களா?"

அந்தம்மா பேப்பரை மடிச்சு உள்ள வெக்கப் போச்சு. நான் உடலை. "செரியா அடிச்ச பேப்பர் ஒண்ணு வெச்சிருப்பீங்கல்ல, அதைக் குடுங்க. அதே விசயத்தை நான் படிக்கறேன். என்ற மவ அடிக்கட்டும். ஒரு தப்பு இருந்தா நான் வாத்தியார் வேலையையே உட்டர்றேன்"னுட்டேன். அன்னைக்கு வேற ஒரு பேட்ச் டெஸ்டுக்கு வந்திருந்துது. ஹால் நெறையப் புள்ளைங்க, பசங்க. அந்தம்மா என்ன நெனைச்சுதோ, ஒதட்டைக் கடிச்சுக்கிட்டு, "வாங்க சார், எல்லாருக்குமே படிங்க"ன்னு கூட்டிட்டுப் போயிருச்சு. என்ற மவ என்ற கையப் புடிச்சா. "அப்பா, காலுல உழறேன், வாங்க போயிறலாம்"ங்கறா. "பயப்படாத கண்ணு, அப்பன் இருக்கேன்"னு உக்கார வெச்சேன்.

படிச்சேன் பாருங்க தம்பி! அன்னைக்குப் படிச்ச மாதிரி நான் என்னைக்குமே படிச்சதில்லை. ஒரு எழுத்தை உடலை. 'தி பேசன்ட் ஈஸ் வெயாக். ஹிஸ் ரைட் க்நீ...' நிறுத்தி, நிதானமா, ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சுக் குடுத்து. ரெண்டு வரி போறதுக்குள்ள மத்த புள்ளைங்க பூராவும் கைய எடுத்துருச்சுங்க. ஒருத்தருக்கும் அடிக்க முடியலை. சிரிப்பாச் சிரிக்குதுங்க. தெரியலீன்னா சிரிச்சுத்தானே மழுப்போணும்? ரெண்டு மூணு பசங்க செல்போனை எடுத்துப் படம் புடிக்கறாங்க. என்ற மவ மட்டும் தலையக் குனிஞ்சுட்டு டக்கு டக்குன்னு அடிக்கறா. நிமிரவே இல்லை. கண்ணுல தண்ணி ஊத்துது, அதைத் தொடைக்கக்கூட இல்லாம அடிச்சுட்டே இருக்கறா. அவ்வளவு கவனம்.

முடிச்சுப் பாத்தா ஒரு தப்பு இல்லை. ஒரு புள்ளி தப்பில்லை! மேனேஜரம்மாகிட்ட நீட்டுனேன். அந்தம்மா பாத்துட்டு, "சார், உலகத்துல இருக்கற டாக்டரெல்லாம் உங்களாட்டப் பேசுனா உங்க பொண்ணுதான் சார் எங்களுக்கு முதல் ஆளு"ன்னுச்சு. பாலக்காட்டுக்காரங்க, மனசு உட்டுப் பாராட்டிட்டாங்க.

ஆனா வேலை குடுக்கலை. அதான் எனக்கு இன்னும் ஆறாத கோவம். என்னைய வெளிய உக்கார வெச்சுட்டு என்ற மவளைத் தனியாக் கூப்புட்டு என்னமோ பேசுச்சு. "காதைப் பழக்கிட்டு வா, மார்கழியில மறுபடியும் டெஸ்ட் வெக்கறேன்"னு சொல்லுச்சாம். காதைப் பழக்கறதாம்! நான் பொறந்ததுல இருந்து பழக்கி வெச்சிருக்கற காதுங்க அது.

அந்த வீடியோவை நீங்ககூடப் பாத்திருப்பீங்க. ஊரு பூராப் போயிருச்சு. பாக்கறவங்க அத்தனை பேரும் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கற பொம்மைதான் போட்டிருக்கறாங்க. சந்தோசப்பட்டிருக்காங்கன்னு வெச்சுக்குங்களே. எங்க கரஸ்பாண்டன்ட் மட்டும் கூப்புட்டு, "சார், கொஞ்ச நாளைக்கு நீங்க லைப்ரரியப் பாத்துக்குங்க"ன்னாரு. எனக்கும் ஓய்வு வேணுமில்லீங்களா, அதைப் புரிஞ்சுக்கிட்ட மனுசன்.

என்ற மவ போக்குதான் அதுக்கப்புறம் மாறிப்போச்சு. எங்கிருந்தோ ஒரு ஹெட்போனை வாங்கியாந்துட்டா. மொட்டைமாடியில தண்ணி டேங்குக்குப் பின்னால உக்காந்து எந்நேரமும் எதையோ கேட்டுட்டே இருக்கறா. ஒருக்கா மெதுவாப் பின்னால போயி ஒரு காதுல இருக்கறதை எடுத்து என்ற காதுல வெச்சுப் பாத்தேன். அய்யய்ய! வெள்ளைக்காரன் ஒருத்தன் பேசறான், எழுத்துல பாதியக் காணோம். புடுங்கிட்டேன். "இந்தக் கருமம் என்ற வீட்டுல கேக்கக் கூடாது"ன்னு பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். ரெண்டு நாளுல அது மறுபடியும் அவ காதுல இருக்குது. எப்பிடின்னு பாத்தா, என்ற வீட்டுக்காரிதான் எடுத்துக் குடுத்திருக்கறா. தெய்வானைன்னு பேரு. கண்ணாலமாகி இத்தனை வருசத்துல எதுத்து ஒரு வார்த்தை பேசாதவ. "ஏன்டி எடுத்துக் குடுத்தே"ங்கறேன். "ஏனுங், ரிக் வண்டிக்குப் போயி வாழ்க்கைப்படறது நீங்களா, அவளா?"ன்னு கேக்கறா. எனக்கும் அவளுக்கு வேலை கெடைக்கோணும்னுதானே ஆசை? நானென்ன வேண்டாம்னா சொன்னேன்?

எங்கூட இங்கிலீசு பேசறதையும் நிறுத்திப்போட்டா. முன்னெல்லாம் சோத்துத் தட்டு முன்னாடி ஒரு வார்த்தை நான் சொல்லுவேன், அதுக்கு சோடி வார்த்தைய அவ சொல்லுவா. அதுலயே சோறு எறங்கிரும் எனக்கு. இப்ப நான், பாக்கறதுக்கு இங்கிலீசுல 'சீ'ன்னு சொல்லிட்டு அவ மூஞ்சியப் பாக்கறேன். கடலுக்கு 'ஸெயா'ன்னு சொல்லோணுமில்ல? "ரசம் ஊத்தட்டுங்களாப்பா"ங்கறா. வருத்தமா இருக்குதுங்க. யாருகிட்டயும் சொல்லலை, உங்ககிட்டத்தான் சொல்றேன். ரொம்ப வருத்தமா இருக்குது.

இன்னைக்குத்தானுங்க அந்த ரெண்டாவது டெஸ்ட். மார்கழி முடியப் போகுது, எங்கக்கா இப்பவே தட்டுக்கு வெத்தலை பாக்கு சொல்லி வெச்சிருச்சு. இன்னைக்கு உட்டா ரிக் வண்டிதான். நேத்து சாயங்காலம் நான் சொன்னேன். "கண்ணு, நானும் கூட வர்றேன். டெஸ்ட் தொடங்கறதுக்கு முன்னால அந்த மேனேஜரம்மாகிட்டப் பேசி, இன்னைக்கு ஒருநாளு நானே படிச்சுர்றேன்னு கேட்டுப் பாக்கறேன்." சண்டை போடுவான்னு நெனைச்சேன். அவளும் அவங்கம்மாவும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்புறம், "செரிங்ப்பா, வாங்க. டெஸ்ட்டு இந்தத் தடவை சேலத்துல. அஞ்சு ரோட்டுல புதுசா ஆபீஸ் போட்டிருக்கறாங்க"ன்னா. எனக்கு ஒரே சந்தோசம். ராவெல்லாம் சொல்லிப் பாத்துட்டே இருந்தேன்.

அஞ்சு ரோட்டுல அப்பிடி ஒரு ஆபீஸ் இல்லீங்களா? நீங்க அங்கதான் கடை வெச்சிருக்கறீங்களா? செரி, புதுசாத் தொறந்திருப்பாங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

காலையில தெய்வானை எனக்கு மட்டும் புளிச்சோறு கட்டிக் குடுத்தா. மவ என்ற கூடவே பஸ் ஸ்டாண்டு வந்தா. இந்தப் பஸ்ஸுல ஏத்தி, சன்னலோரமா எடம் புடிச்சு, தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தா. "அப்பா, நீங்க முன்னாடி போயி அந்த ஆபீசைக் கண்டுபுடிச்சு வைங்க. எனக்கு ஒரு ஜெராக்ஸ் எடுக்கோணும். அடுத்த பஸ்ஸுல பின்னாலயே வந்தர்றேன்"னா. எறங்கறதுக்கு முன்னால என்ற கைய ஒருக்காப் புடிச்சு, நெத்தியில வெச்சுக்கிட்டா. இந்த ஆறேழு மாசத்துல என்னையத் தொடவே இல்லைங்க அவ.

அப்புறந்தானுங்க ஒரு கூத்து. பஸ்ஸு எடுத்து ஸ்டாண்டை உட்டுத் திரும்பறப்ப எட்டிப் பாக்கறேன், ஈரோட்டு பஸ்ஸுல ஏறறா! கோயமுத்தூர் போறவங்க ஏறுவாங்களே, அந்தப் பஸ்ஸு. போர்டைப் பாக்காம ஏறிட்டா போல. பதட்டமில்லீங்களா? கண்டக்டர்கிட்ட நிறுத்தச் சொன்னேன், நிறுத்தமாட்டேன்னுட்டான். அப்ப இருந்து போன் அடிக்கறேன், ஆஃப்புலயே இருக்குது. நீங்க வேற என்னைய இப்பிடிப் பாக்காதீங்க தம்பி. என்ற மவ பொய் சொல்றவ இல்லை. நான் வளத்த புள்ளை.

சன்னல் வழியா தலைய உட்டு, தொண்டை கிழியறாப்புல கத்துனேன். "வ்ராங் பஸ்! கண்ணு, வ்ராங் பஸ்!" ஸ்டாண்டுல இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க, ஒருத்தருக்கும் நான் என்ன சொல்றேன்னு வெளங்கலை. அவளுக்கு வெளங்கிருச்சு. அவளுக்கு மட்டும் வெளங்கிருச்சுங்க. படியில நின்னு என்னையவே பாத்தா. சிரிச்சா. சின்னப்புள்ளையில முழு மார்க்கு வாங்கிட்டு என்னையப் பாத்துச் சிரிப்பாளே, அதே சிரிப்பு. தலையக்கூட ஆட்டுனா.

நல்லா வெளங்குச்சுங்க அவளுக்கு. ஆனா எறங்கலை.